கணக்கில் வராத பெண்

முட்டையிலிருந்து ஆரம்பிக்கலாம்.

1987-ல் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சிக்காக நான்ஸி வேக்கின் கதையைக் குறுந்தொடராக எடுத்தார்கள். இரண்டாம் உலகப் போரில், ஜெர்மானியர் பிடியில் இருந்த பிரான்சுக்குள் பிரிட்டனின் ரகசிய அமைப்பு பாராசூட்டில் இறக்கிவிட்ட பெண் அவர். நோனி ஹேசல்ஹர்ஸ்ட் அவராக நடித்தார். அதில் ஓரிடத்தில் நான்ஸி, காட்டில் ஒளிந்திருக்கும் ஆண் போராளிகளுக்கு முட்டையும் பன்றி இறைச்சியும் பொரித்துக் கொடுக்கிறார். அசல் நான்ஸி வேக் அப்போது உயிரோடு இருந்தார். எழுபத்தைந்தை நெருங்கும் வயது. பார்த்துவிட்டுக் கொதித்துப்போனார். முட்டை பொரிக்கவா என்னை விமானத்தில் ஏற்றி அங்கே தள்ளிவிட்டார்கள் என்று கேட்டார். என்ன விலை கொடுத்தாலும் அப்போது முட்டை கிடைக்காது. கிடைத்தாலும் நான் ஏன் பொரிக்க வேண்டும், அதற்குத்தான் அத்தனை ஆண்கள் இருந்தார்களே என்பது அவர் வாதம். சக போராளி ஒருவரோடு அவருக்குக் காதல் இருந்ததுபோலக் காட்டியதும் அவருக்குப் பிடிக்கவில்லை. ஜெர்மானியரைக் கொல்வதற்கே நேரம் போதவில்லை, இதற்கு ஏது நேரம் என்கிற தொனியில் பதில் சொன்னார்.

படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. பிறகு யோசித்தேன். ஒரு பெண் உளவாளியின் கதை கையில் கிடைத்ததும் தொலைக்காட்சி தன் பங்குக்குச் சேர்த்தவை ஒரு சமையலறையும் ஒரு காதலும். சேர்ப்பது ஒரு பக்கம். இந்த வகைப் படங்கள் எதை வெளியே விடுகின்றன என்பது இன்னொரு பக்கம். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இந்த வகைப் படங்கள் பிடிக்கும். வேலை முடிந்து வந்து, மூளையைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்ப்பதற்கு இவற்றைவிட நல்லது கிடையாது. விக் மாற்றுவது, பெயர் மாற்றுவது, விருந்துக்குள் நுழைவது, மாட்டிக்கொள்வது, உதைத்துவிட்டுத் தப்பிப்பது. இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி 1976 மார்ச் 21 அன்று அமெரிக்காவின் ஏ.பி.சி. ஒளிபரப்பிய 'சார்லீஸ் ஏஞ்சல்ஸ்' தொலைக்காட்சிப் படம். பின்னால் வந்த நீண்ட தொடருக்கு அதுதான் முன்னோட்டம். அந்த மூன்று பெண்கள் அரசாங்க உளவாளிகள் இல்லை, தனியார் துப்பறிவாளர்கள். ஆனால் செய்வது வேடம் போட்டு உள்ளே நுழையும் அதே வேலை. அந்தப் படத்தில் காணாமல்போன ஒரு திராட்சைத் தோட்ட முதலாளியின் வீட்டுக்குள், தொலைந்துபோன மகள் என்று சொல்லிக்கொண்டு நுழைகிறார்கள். அவர்களை அனுப்பும் சார்லிக்கு முகம் கிடையாது. மேஜை மேலிருக்கும் ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்து குரல் மட்டும் வரும்.

இந்த இரண்டு விஷயங்களையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் வீட்டுக்குள் பொய் சொல்லி நுழைகிறார்கள். அனுப்பியவருக்கு முகம் இல்லை. படம் இரண்டையும் வேடிக்கையாகத்தான் கையாள்கிறது. நிஜத்தில் ரகசிய உளவு வேலையின் அறச்சிக்கல் மொத்தமும் இந்த இரண்டுக்குள்தான் இருக்கிறது.

*

நிஜத்துக்கு வருவோம். 1940 ஜூலையில் பிரிட்டன் 'ஸ்பெஷல் ஆபரேஷன்ஸ் எக்ஸிக்யூட்டிவ்' என்ற ரகசிய அமைப்பை உருவாக்கியது. சுருக்கமாக எஸ்.ஓ.இ. நாஜிகள் பிடித்த நாடுகளுக்குள் ஆள் அனுப்பி, உள்ளூர் எதிர்ப்பாளர்களுக்கு ஆயுதமும் பணமும் தொடர்பும் கொடுத்து, பாலம் தகர்ப்பது, ரயில் கவிழ்ப்பது. இதன் பிரெஞ்சுப் பிரிவு அனுப்பிய பெண்கள் பொதுவான கணக்கில் 39 பேர். அவர்களில் 13 பேர் திரும்பவில்லை.

முதன்முதலில் பாராசூட்டில் இறங்கியவர்கள் லீஸ் த பெசாக், ஆந்த்ரே பொரெல் என்ற இருவர். 1942 செப்டம்பர் 24 இரவு. லீஸ், மொரீஷியஸில் பிறந்தவர். தொண்ணூற்றெட்டு வயதுவரை வாழ்ந்து 2004-ல் இறந்தார். அவருடைய இரங்கல் குறிப்பைப் படித்த பிரெஞ்சு இயக்குநர் ஜான்-பால் சலோமே அந்தத் தூண்டுதலில் எடுத்த படம்தான் 2008-ல் வந்த 'லே ஃபாம் த லோம்ப்ர்', நிழலின் பெண்கள். சோஃபி மார்சோ நாயகி. ஐந்து பெண்கள், ஒரு எஸ்.எஸ். அதிகாரி, துப்பாக்கிச் சண்டை, சித்திரவதை என்று ஆக்‌ஷன் படத்துக்குரிய எல்லாம் உண்டு. ஒரு விஷயத்தில் மட்டும் அந்தப் படத்தை நான் மதிக்கிறேன். அந்தப் பெண்கள் எல்லோரும் தேசபக்தியால் சேரவில்லை. பொய், மிரட்டல், தண்டனைக் குறைப்பு என்று எது கிடைத்ததோ அதைக் காட்டி இழுத்து வருகிறார்கள். அனுப்புகிறவரின் கை சுத்தமில்லை என்பதை அது ஒத்துக்கொள்கிறது.

ஆனால் நிஜ லீஸ் செய்த வேலை அந்தப் படத்தில் இருப்பதுபோல இல்லை. அவர் புவாத்தியே என்ற ஊரில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தார். கெஸ்டாபோ அலுவலகம் கூப்பிடு தூரத்தில். பாரீஸிலிருந்து வந்த அமைதியான விதவை, பெயர் மேடம் இரேன் பிரிஸ், பழைய கல்வெட்டு, இடிபாடுகளில் ஆர்வம். அதனால் சைக்கிளில் ஊர் ஊராகச் சுற்றலாம். சுற்றிக்கொண்டே விமானம் இறங்கத் தோதான வயல்களைப் பார்த்து வைக்கலாம். பிற்காலத்தில் அவர் அதிகம் பேசியது தனிமையைப் பற்றி. யாரோடும் நெருங்கக் கூடாது, யாரிடமும் நீ யார் என்று சொல்லக் கூடாது, மாதக்கணக்கில்.

இதைப் படமாக எடுத்தால் யார் பார்ப்பார்கள்? ஒரு அம்மா சைக்கிள் ஓட்டுகிறார், பக்கத்து வீட்டுக்காரருக்கு வணக்கம் சொல்கிறார், வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொள்கிறார். ஆனால் அறக்கேள்வி இருப்பது அந்த வணக்கத்தில்தான். லீஸ் கெஸ்டாபோவிடம் பொய் சொன்னது சொற்பம். அவருடைய அன்றாடப் பொய்யெல்லாம் பக்கத்து வீட்டுக்காரருக்கும் ரொட்டிக்கடைக்காரருக்கும்தான் போய்ச் சேர்ந்தது. எதிரியை ஏமாற்றியது எப்போதாவது. நம்மவரை ஏமாற்றியது தினமும். அவர் பிடிபட்டால் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் விசாரிக்கப்படுவார். நீ பழகினாயே, உனக்குத் தெரியாமல் இருக்குமா என்று கேட்பார்கள். தான் எந்த ஆட்டத்தில் இருக்கிறோம் என்றே தெரியாமல் அந்த மனிதர் அதில் ஒரு காயாக ஆகியிருப்பார்.

*

பொய் பற்றிய தத்துவ விவாதத்தில் எல்லோரும் தொடும் ஓர் உதாரணம் உண்டு. 1797-ல் கான்ட் ஒரு சிறிய கட்டுரை எழுதினார். கொலைகாரன் ஒருவன் உங்கள் கதவைத் தட்டுகிறான். அவனிடமிருந்து தப்பி வந்த உங்கள் நண்பன் உள்ளே ஒளிந்திருக்கிறான். "அவன் உள்ளே இருக்கானா?" என்று கேட்கிறான். பொய் சொல்லலாமா? கூடாது என்றார் கான்ட். இருநூறு வருடங்களாக மனிதர்கள் அவரோடு இந்த ஒரு விஷயத்தில் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நம்மூரில் இந்தச் சண்டையே வந்திருக்காது. குற்றமில்லாத நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கத்தக்கது என்று வள்ளுவர் வாய்மை அதிகாரத்திலேயே சொல்லி முடித்துவிட்டார்.

ஆனால் கவனியுங்கள். அந்தக் கதையில் மூன்று பேர். கதவைத் தட்டுகிறவன், கதவைத் திறக்கிறவர், உள்ளே ஒளிந்திருப்பவன். விவாதம் முழுக்க முதல் இருவரைப் பற்றியே நடக்கிறது. உள்ளே ஒளிந்திருப்பவனிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. உன்னை உள்ளே விட்டவரின் கழுத்தில் இப்போது கத்தி இருக்கிறதே, அவருக்கு நீ என்ன கடன்பட்டிருக்கிறாய்? அவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே நுழைந்தாயா?

ரகசிய உளவாளி அந்த மூன்றாவது ஆள். அதனால்தான் பொய் சரியா தவறா என்ற பழைய கேள்வி அவர் விஷயத்தில் பாதி தூரம்தான் போகிறது. வள்ளுவரின் நிபந்தனையும் இங்கே இடிக்கும். நாஜிகளை எதிர்த்தது நன்மை, அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. ஆனால் குற்றமில்லாத நன்மையா? யாருடைய தலையிலும் எதையும் இறக்கிவைக்காத நன்மையா? 1944 ஜூன் 10 அன்று, மோன் மூஷே மலையில் திரண்டிருந்த போராளிகளைத் தாக்கப் போகும் வழியில், ரூயின்-ஆன்-மார்ஜெரீத் கிராமத்து மக்களை ஜெர்மன் படை சுட்டுக் கொன்றது. கொன்றவர்களே குற்றவாளிகள், அதில் குழப்பம் வேண்டாம். ஆனால் மலைமேல் ஆயுதம் இறங்கும்போது அடிவாரத்து ஊருக்கு என்ன ஆகும் என்று யாராவது அந்த ஊர்க்காரர்களைக் கேட்டிருப்பார்களா?

*

நான்ஸி வேக்கின் வாழ்க்கையில் கதவைத் திறந்தவருக்கு ஒரு பெயர் இருக்கிறது. ஆன்ரி ஃபியோக்கா, அவருடைய கணவர். மார்செய் நகரத்துத் தொழிலதிபர். 1939 நவம்பரில் கல்யாணம். நியூசிலாந்தில் பிறந்து சிட்னியில் வளர்ந்து பாரீஸில் பத்திரிகையாளராக இருந்த நான்ஸிக்கு அங்கே வசதியான வாழ்க்கை. பிரான்ஸ் விழுந்த பிறகு, தப்பிக்கும் வீரர்களையும் அகதிகளையும் எல்லை கடத்திவிடும் வலையில் சேர்ந்தார். யார் என்று பிடிபடாமல் நழுவியதால் கெஸ்டாபோ வைத்த பெயர் 'வெள்ளை எலி'. வலை இறுகியதும் பிரனீஸ் மலையைத் தாண்டி ஸ்பெயின் வழியாக இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். ஆன்ரி மார்செயில் இருந்தார். அவரைப் பிடித்தார்கள். சித்திரவதை செய்தார்கள். மனைவியைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. 1943-ல் கொன்றார்கள்.

நான்ஸிக்கு இது தெரியாது. 1944 ஏப்ரல் கடைசியில் ஓவெர்ன் மலைப்பகுதியில் இறங்கி, மாக்கீ என்று அழைக்கப்பட்ட காட்டுப் போராளிகளோடு சேர்ந்து சண்டை போட்டு, தொலைந்த சங்கேதத் தொடர்பை மீட்க மூன்று நாளில் ஐந்நூறு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, எல்லாம் முடிந்து ஊர் விடுதலையான பிறகுதான் கணவர் செத்துப்போன செய்தி அவருக்குக் கிடைக்கிறது. நான் இல்லையென்றால் அவர் பிழைத்திருப்பார் என்ற நினைப்பைக் கடைசிவரை அவர் விடவில்லை. பதக்கங்கள் குவிந்தன: பிரிட்டனின் ஜார்ஜ் மெடல், அமெரிக்காவின் ஃப்ரீடம் மெடல், பிரான்சின் போர்ச் சிலுவை மூன்று முறை. பின்னாளில் அவற்றை விற்றுவிட்டார். எப்படியும் நரகத்துக்குத்தான் போகப்போகிறேன், அங்கே உருகிவிடும், வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றாராம்.

அவர் கதையில் இன்னொரு மரணம் உண்டு. எனக்கு இந்தக் கட்டுரையை எழுதத் தோன்றியதே அதனால்தான். போராளிகளோடு இருந்த ஓர் இளம்பெண் ஜெர்மானியருக்கு உளவு சொல்கிறவள் என்று நான்ஸி கண்டுபிடிக்கிறார். அவளைக் கொன்றாக வேண்டும் என்கிறார். சண்டையில் எத்தனையோ பேரைச் சுட்ட ஆண்களுக்கு அவளைச் சுட மனம் வரவில்லை. சரி, நீங்கள் செய்யாவிட்டால் நானே செய்கிறேன் என்று நின்றுவிட்டார் நான்ஸி. பிறகு அவர்களே செய்தார்கள். பல பத்தாண்டுகள் கழித்து ஒரு பேட்டியில் இதைப் பற்றிக் கேட்டபோது, தான் ஒன்றும் நல்ல ஆள் இல்லை என்றார். அதனால் தன் காலைச் சாப்பாடு கெட்டுப்போகவில்லை என்றார். நான் பிடிபட்டிருந்தால் எனக்குக் கிடைத்திருக்கும் சாவோடு ஒப்பிட்டால் அவளுடையது சுலபமான சாவு என்றார்.

முதல் தடவை படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. முட்டை பொரிக்கும் நான்ஸியைவிட இந்த நான்ஸியைத் தொலைக்காட்சிக்குள் அடைப்பது கஷ்டம். ஒரு பெண் ஒற்றர் இன்னொரு பெண் ஒற்றரைக் கொல்லச் சொல்கிறார். இருவரும் செய்தது ஒரே வேலை. பொய்ப் பெயர், பொய்ச் சிரிப்பு, நம்பியவர்களின் நடுவே உட்கார்ந்து தகவல் சேகரிப்பது. வித்தியாசம் யாருக்காகச் செய்தார்கள் என்பதில் இருக்கிறது. அது சின்ன வித்தியாசம் இல்லை. ஒரு பக்கம் ஆட்களை ரயிலில் ஏற்றி விஷவாயுவுக்கு அனுப்பிய அரசு. இரண்டு பக்கமும் சமம் என்று சொல்கிறவர்களோடு நான் இல்லை. ஆனால் காரணம் நியாயமாக இருந்தால் அது அந்தப் பெண்ணின் சாவைத் தேவையானது ஆக்கலாம். அந்தச் சாவை இல்லாமல் ஆக்கிவிடாது. அவள் ஏன் அந்த வேலைக்கு வந்தாள்? காசுக்கா, பயத்துக்கா, யாராவது பிடித்து வைத்துக்கொண்டு மிரட்டினார்களா? சலோமேயின் படத்தில் நம் பக்கத்துப் பெண்களை அப்படித்தானே சேர்த்தார்கள்? அவளை நாயகியாக வைத்து எடுத்த படம் எதுவும் என் கண்ணில் பட்டதில்லை.

மைக்கேல் வால்ஸர் 1973-ல் எழுதிய 'அழுக்குக் கைகள்' பற்றிய கட்டுரை இங்கே உதவும். பொதுக் காரியத்துக்காக ஒருவர் தவறான செயலைச் செய்தே ஆக வேண்டிய நிலை வரலாம், செய்வதே சரியாகவும் இருக்கலாம், ஆனாலும் அவர் கை அழுக்காகிறது என்கிறார் வால்ஸர். நல்ல மனிதர் அந்த அழுக்கை உணர்வார், குற்றவுணர்வு கொள்வார். இந்த அளவுகோலில் காலைச் சாப்பாட்டை ரசித்துச் சாப்பிட்ட நான்ஸி தோற்றுப்போகிறார்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் இரண்டு விஷயங்களைச் செய்தார். ஒன்று, நானே செய்கிறேன் என்றார். தண்டனையை உத்தரவாகக் கீழே தள்ளிவிட்டுக் கையைக் கழுவவில்லை. இரண்டு, பிற்காலத்தில் அதற்கு அலங்காரம் பூசவில்லை. கண் கலங்கி, தேசத்துக்காகச் செய்தேன் என்று சொல்லியிருந்தால் கேட்பவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நான் நல்ல ஆள் இல்லை என்று சொல்லி நம் நிம்மதியைக் கெடுத்தார். கண்ணீர் விடாமலும் கணக்கை ஒத்துக்கொள்ளலாம். கணவரின் சாவைத் தன் பெயரிலேயே எழுதிக்கொண்டவர், அந்தப் பெண்ணின் சாவையும் வேறு யார் பெயரிலும் மாற்றி எழுதவில்லை.

*

பொய்யே சொல்லத் தெரியாது என்று பெயரெடுத்த ஒருவரும் இந்த வேலைக்குப் போனார். நூர் இனாயத் கான். 1914-ல் மாஸ்கோவில் பிறந்து பாரீஸில் வளர்ந்தவர். தந்தை சூஃபி ஆசான், இசைக்கலைஞர் இனாயத் கான். தந்தை வழியில் திப்பு சுல்தானின் பரம்பரை. நூர் குழந்தைகளுக்காக எழுதுகிறவர். 1939-ல் லண்டனில் வந்த அவருடைய புத்தகம் இருபது ஜாதகக் கதைகளின் மறுகூறல். புத்தர் முற்பிறவிகளில் விலங்காகவும் மனிதராகவும் பிறந்து பிறருக்காகத் தன்னைக் கொடுத்த கதைகள்.

பயிற்சியில் அவரைப் பற்றிக் கிடைத்த குறிப்புகள் சாதகமாக இல்லை. புத்தி போதாது, களத்துக்குத் தகுதியா என்பது சந்தேகம் என்று ஓர் அதிகாரி எழுதினார். பொய் சொல்ல மாட்டேன்கிறார் என்பதும் ஒரு கவலை. அமைப்பின் சங்கேதத் தலைவராக இருந்த லியோ மார்க்ஸ், நூரைச் சந்திப்பதற்கு முன் அந்த ஜாதகக் கதைப் புத்தகத்தைப் படித்துவிட்டுப் போனதாகத் தன் நினைவுக்குறிப்பில் எழுதுகிறார். பிரான்சுக்கு ஒயர்லெஸ் இயக்குநராக அனுப்பப்பட்ட முதல் பெண் நூர்தான். 1943 ஜூன் நடுவில் போய் இறங்கினார். சில நாட்களிலேயே அவர் சேர்ந்த வலையமைப்பு சரியத் தொடங்கியது. கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பிடிபட்டார்கள். திரும்பி வா என்றார்கள். மறுத்தார். அக்டோபரில் யாரோ காட்டிக்கொடுக்க, பிடிபட்டார்.

அதன் பிறகு நடந்ததைப் பாருங்கள். பாரீஸில் ஜெர்மன் பாதுகாப்புப் பிரிவின் தலைவராக இருந்த ஹான்ஸ் கீஃபர் போருக்குப் பிறகு கொடுத்த வாக்குமூலத்தில், நூர் ஒரு தகவலும் தரவில்லை, தொடர்ந்து பொய்யே சொன்னார் என்றார். பொய் சொல்லத் தெரியாதவர்! நவம்பரில் வேறு இரு கைதிகளோடு கூரை வழியாகத் தப்பிக்கப் பார்த்து மாட்டினார். இனிமேல் தப்பிக்க முயல மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட மறுத்தார். விளைவு, ஜெர்மனியில் ஃபோர்ட்ஸ்ஹைம் சிறையில் கை, கால் விலங்கோடு தனிமை. 1944 செப்டம்பர் 13 அன்று டாக்கவ் முகாமில் இன்னும் மூன்று பெண்களோடு சேர்த்துச் சுட்டுக் கொன்றார்கள். வயது முப்பது.

அந்தக் கையெழுத்துதான் என்னை நிறுத்துகிறது. போட்டிருக்கலாமே? தினம் தினம் அவர்களிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தவர்தானே? இன்னொரு பொய்யைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு மறுபடி தப்பிக்க முயன்றிருந்தால் யார் குறை சொல்வார்கள்? என் வாசிப்பு இது: பிறரைக் காப்பாற்றச் சொன்ன பொய் வேறு, தன் சௌகரியத்துக்காகக் கொடுக்கும் பொய் வாக்கு வேறு என்று அவர் வைத்திருந்தார். முதலாவதற்கு விலை கொடுப்பவர் ஏமாறும் எதிரி. இரண்டாவதற்கு விலை அவருடைய சொல். எல்லாமே வேடம் என்றாகிவிட்ட ஓரிடத்தில், இதை மட்டும் விற்க மாட்டேன் என்று ஒன்றை மிச்சம் வைத்துக்கொண்டார். ஆக்‌ஷன் படத்தில் கூரைமேல் ஓடும் காட்சி நிச்சயம் இருக்கும். கையெழுத்துப் போடாத காட்சிக்கு அரை நிமிடம் கிடைத்தால் அதிகம். அந்த அரை நிமிடத்துக்காகத்தான் நான் அந்தப் படத்தைப் பார்ப்பேன்.

*

இனி சார்லியிடம் வருவோம். முகமில்லாத குரலிடம்.

ஒயர்லெஸ் இயக்குநர்களுக்குச் செய்தியில் சேர்க்க ஒரு ரகசிய அடையாளம் கொடுக்கப்பட்டிருக்கும். பிடிபட்டு, ஜெர்மானியரின் கட்டாயத்தில் செய்தி அனுப்பினால், அந்த அடையாளத்தை விட்டுவிட வேண்டும். லண்டன் புரிந்துகொள்ளும். மென்பொருள் எழுதிப் பிழைக்கும் எனக்கு இது நன்றாகப் பழகிய விஷயம். செய்தி வந்தது முக்கியமில்லை. அனுப்பியது அவர்தானா, சுதந்திரமாக அனுப்பினாரா என்பதே முக்கியம். கில்பர்ட் நார்மன் என்ற இயக்குநர் பிடிபட்ட பின் அடையாளம் இல்லாமல் ஒரு செய்தி போனது. லண்டனிலிருந்து பதில் வந்தது: அடையாளத்தை மறந்துவிட்டாய், இனி ஜாக்கிரதையாக இரு. அந்தப் பதிலை வாங்கிப் படித்தவர்கள் ஜெர்மானியர்கள்.

நூருக்கு மார்க்ஸ் தனியாக இன்னொரு எச்சரிக்கை ஏற்பாடு செய்திருந்தார். சங்கேதத்துக்குப் பயன்படுத்தும் சொற்றொடரில் பதினெட்டு எழுத்து இருந்தால் பிடிபட்டுவிட்டேன் என்று அர்த்தம். அந்தப் பதினெட்டு எழுத்து வந்தது என்று மார்க்ஸ் எழுதுகிறார். ஆனாலும் நூரின் ஒயர்லெஸோடு லண்டன் பேசிக்கொண்டேதான் இருந்தது. நூர் அனுப்பிய பழைய செய்திகளைத் தன் நோட்டில் பத்திரமாக எழுதி வைத்திருந்தார். கொடுக்கப்பட்ட குறிப்பை அவர் அப்படித்தான் புரிந்துகொண்டார். அந்த நோட்டைப் பிடித்தவர்களுக்கு அவர் நடையைப் பின்பற்றுவது சுலபமாகிவிட்டது. 1944 பிப்ரவரி கடைசியில், அந்த நாடகத்தை நம்பி மூன்று பேர் பாராசூட்டில் இறங்கினார்கள். கீழே வரவேற்றவர்கள் ஜெர்மானியர்கள். மூவரில் ஒருவர் மாட்லென் தமர்மான் என்ற இளம்பெண். டாக்கவில் நூரோடு சுடப்பட்ட மூன்று பெண்களில் அவரும் ஒருவர்.

நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் ஓர் எச்சரிக்கை ஒரு வாரமாக அடித்துக்கொண்டிருந்தது. ரிலீஸ் தேதி நெருங்கிவிட்டது என்பதால் மேலே இருந்தவர்கள் அதை 'ஃபால்ஸ் அலாரம்' என்று குறித்து மூடினார்கள். ஓர் இரவு வாடிக்கையாளர்களின் பணம் இரண்டு முறை பிடிக்கப்பட்டது. மூடியவர்களின் பணம் பத்திரமாக இருந்தது. அங்கே போனது பணம், திருப்பிக் கொடுத்துவிடலாம். ஆனால் அமைப்பு ஒன்றே. எச்சரிக்கையை நம்பினால் வேலை நிற்கும், திட்டம் தள்ளிப்போகும், மேலே பதில் சொல்ல வேண்டும். நம்பாவிட்டால் விலை கொடுப்பது வேறு யாரோ.

வள்ளுவர் ஒற்றாடலுக்கு ஒரு முழு அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார். ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்கச் சொல்கிறார். ஒருவரையொருவர் அறியாத மூவர் சொல் ஒத்துப்போனால் மட்டும் நம்பச் சொல்கிறார். பள்ளிக்கூடத்தில் இதை ராஜதந்திரம் என்று படித்தோம். இப்போது எனக்கு இது அறமாகத் தெரிகிறது. அந்த அதிகாரத்தின் அறிவுரைகள் பெரும்பாலும் அனுப்புகிறவனைப் பார்த்துச் சொல்லப்பட்டவை. உளவாளி தன் உயிரை உன்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறாள். அவளிடமிருந்து வரும் செய்தியைச் சரிபார்ப்பது, நீ அவளுக்குச் செய்ய வேண்டிய கடமைகளில் முதலாவது.

சர்வதேசச் சட்டம் இதில் நமக்கு உதவாது. 1907 ஹேக் விதிகள் எதிரியைப் பற்றித் தகவல் சேகரிப்பதை அனுமதிக்கின்றன. அதே விதிகள் மாறுவேடத்தில் பிடிபட்ட ஒற்றரைத் தண்டிக்கவும் அனுமதிக்கின்றன. தப்பித்துத் தன் படைக்குத் திரும்பிவிட்டால் பழைய உளவுக்காகத் தண்டிக்கக் கூடாது. அனுப்பியது குற்றமில்லை, போனது பிடிபட்டால் மட்டும் தண்டனைக்குரியது. விசாரணை இல்லாமல் தண்டிக்கக் கூடாது என்ற ஒரே ஒரு பாதுகாப்பு உண்டு. நூருக்கு அதுவும் கிடைக்கவில்லை. ஓவெர்ன் காட்டில் அந்தப் பெண்ணுக்கும் கிடைத்தது நீதிமன்றம் இல்லை.

*

அப்படியானால் இந்த வேலையே தவறா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். நாஜிகளை மனுப் போட்டு வெளியேற்றியிருக்க முடியாது. யாரோ பொய்ப் பெயரோடு சைக்கிள் மிதிக்க வேண்டியிருந்தது. பொய்யா உண்மையா என்று கேட்பதை விட்டுவிட்டு, இந்தப் பொய்க்கான விலை யார் தலையில் விழுகிறது, விழுந்த பிறகு அதை எண்ணிப் பார்க்க யாராவது வருகிறார்களா என்று கேட்க வேண்டும். ஆன்ரி வாய் திறக்காமல் விலையைத் தானே கட்டினார். நானே செய்கிறேன் என்ற நான்ஸி, அதை அடுத்தவர் மேல் தள்ளவில்லை. நூர் கையெழுத்துப் போடவில்லை. லண்டனில் மேஜைக்குப் பின்னால் இருந்தவர்கள், வந்த எச்சரிக்கையைப் படிக்காமல், அந்த விலையைப் பாராசூட்டில் இறங்கிய மூவரிடம் அனுப்பிவைத்தார்கள்.

அவர்களிலும் ஒருவர் எண்ணப் போனார். வேரா அட்கின்ஸ், பிரெஞ்சுப் பிரிவின் அதிகாரி. பெண்களை அனுப்பியதில் அவருக்கும் பங்குண்டு. விமானத்தளம்வரை போய் வழியனுப்புவார். போர் முடிந்ததும் எஸ்.ஓ.இ.-யைக் கலைத்துவிட்டார்கள். கோப்பை மூடிவிட்டுப் போயிருக்கலாம். அவர் ஜெர்மனிக்குப் போனார். முகாம் காவலர்களையும் சிறை அதிகாரிகளையும் விசாரித்தார். காணாமல்போன 118 பேரில் 117 பேர் கொல்லப்பட்டதை உறுதிசெய்தார். ஆந்த்ரே பொரெல் நத்ஸ்வைலர் முகாமில் இறந்தது, நூரும் மாட்லெனும் டாக்கவில் இறந்தது எல்லாம் வெளியே வந்ததில் அந்தத் தேடலுக்குப் பெரிய பங்கு உண்டு. அது செத்தவர்களை மீட்கவில்லை. அனுப்பியதில் நடந்த தவறுகளையும் அது சரிசெய்யவில்லை. ஆனால் குரலாக மட்டும் இருந்த அனுப்புநர், முகத்தோடு போய் நின்று, என் ஆட்கள் எங்கே என்று கேட்டார்.

வேரா அட்கின்ஸின் பட்டியலில் 118 பெயர்கள். ஓவெர்ன் காட்டில் செத்த அந்தப் பெண் அதில் இல்லை. இருக்கவும் நியாயமில்லை, அவள் எதிர்ப்பக்கத்து ஆள். அவளை அனுப்பியவர்கள் பக்கத்திலிருந்து அவளைத் தேடி யாரும் ஊர் ஊராகப் போயிருக்க மாட்டார்கள். அவளைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம், அவளைக் கொல்லச் சொன்னவர் தன்னை நல்ல ஆள் என்று சொல்லிக்கொள்ளாமல் ஒரு பேட்டியில் பேசினார் என்பதால்தான்.